நேர்ந்து வைத்த முடியில் பதினைந்து அங்குலம்

அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறேன். தலைமுடி அத்தனையையும் பின்னாலிருந்து முன்னுக்கு வாரி, நெற்றிக்கு மேலே ஒரு துணி நாடாவால் இறுக்கிக் கட்டியாயிற்று. அந்த முடிச்சிலிருந்து இறங்கும் முடி மூக்கை மூடி, வாயை மூடி, இடுப்புக்குக் கீழே தொங்குகிறது. தும்பிக்கையோடு நிற்கும் பிள்ளையார்தான். மூச்சு விடுவதற்கு இடைக்கிடை ஊதி விலக்க வேண்டியிருக்கிறது.

வலது கையில் தையல் கத்தரிக்கோல். கழுத்தில் அளவு நாடா. நுனியிலிருந்து பதினைந்து அங்குலம் அளந்து, அந்த இடத்தை இடது கையால் இறுக்கிப் பிடித்திருக்கிறேன். அம்மா சங்கக்கடைக்குப் போயிருக்கிறார். சீனி வந்திருக்கிறது என்று காலையிலேயே கதை அடிபட்டுவிட்டது. வரிசை மதகடி வரை நீளும், மத்தியானத்துக்கு முதல் வரமாட்டார் என்று நினைத்திருந்தேன்.

அப்போது எனக்கு இருபது வயது இருக்கும். உருத்திரபுரத்தில், வாய்க்காலை ஒட்டிய எங்கள் வீட்டில் இருந்துகொண்டு ஊர்ப் பெண்களுக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கைமெஷினின் பெருமையைப் போன கிழமை இந்தப் பக்கத்தில் பக்கம் பக்கமாக அளந்துவிட்டேன். அதன் இழுப்பு லாச்சிக்குள் கிடந்த கத்தரிக்கோலைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. வெட்கம்தான் காரணம். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

என் தலை, அம்மாவின் நேர்த்தி

குழந்தையில் மொட்டை அடித்த பிறகு என் தலையில் கத்தரிக்கோல் பட்டதே இல்லை. எழுந்து நின்றால் முடி தொடையைத் தட்டும். அதை ஆண்டது நான் இல்லை, அம்மா. ஒவ்வொரு காலையும் அவர் கதிரையில் இருப்பார், நான் அவருடைய காலடியில் நிலத்தில் இருப்பேன். எண்ணெய் தப்பி, இழுத்து, ஒற்றைச் சடையாகப் பின்னிவிடுவார். அவர் பின்னி முடிக்கும்போது என் இரண்டு கண்ணும் மேலே இழுபட்டு நிற்கும்.

அம்மாவின் தலையில் அவ்வளவு முடி கிடையாது. வாரிச் சுருட்டினால் ஒரு பாக்கு அளவுக் கொண்டை வரும். அந்தக் குறையை என் தலையில் தீர்த்துக்கொண்டார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அப்பாவின் கண்களில் வெள்ளை படர்ந்தது அந்த வருஷம்தான். முதலில் வரம்பில் தடுக்கி விழுந்தார். பிறகு கோப்பைக்குப் பக்கத்தில் தேத்தண்ணியை ஊற்றினார். கடைசியில் ஆட்களைக் குரலால் அறியும் நிலைக்கு வந்துவிட்டார். அப்படியும் மனுஷன் கதையை விடவில்லை. எங்கள் வீட்டில் அவர் கதைப்பார், நாங்கள் கேட்போம். கொழும்புக்குப் போய் ஒப்பரேஷன் செய்தால் சரிவரும் என்று டொக்டர் சொன்னார். சண்டைக்காலம் என்பதால் இந்தப் பக்கத்துப் பாஸ், அந்தப் பக்கத்துப் பாஸ் எல்லாம் எடுத்து, வவுனியாவுக்குப் போகிற ஒருவருடைய கையைப் பிடித்துக்கொண்டு ஒரு விடியற்காலை புறப்பட்டார். படலையடியில் நின்று திரும்பிப் பார்த்தார். ஆனால் நாங்கள் நின்ற பக்கத்தைப் பார்க்கவில்லை, பலாமரத்தைப் பார்த்துக் கையசைத்தார்.

அன்றைக்குப் பின்னேரமே அம்மா எங்கள் அம்மன் கோயிலுக்குப் போய் நேர்த்தி வைத்துவிட்டு வந்தார். அப்பா பார்வையோடு திரும்பி வந்தால் முடிக் காணிக்கை. ஒரு சாண். அதுவரைக்கும் அந்த முடியில் கத்தரிக்கோல் படாது. நல்ல நேர்த்திதான். ஆனால் அது என் முடி.

ஏன் அம்மா உங்கட முடியைக் குடுக்கேல்லை என்று கேட்டேன். கொண்டையைத் தடவிக்கொண்டே, "என்ர முடி அம்மனுக்குக் காணாது மேனை" என்றார். முகத்தில் துளி சிரிப்பில்லை. முளைப்பது என் தலையில், நேர்வது அம்மா, வாங்குவது அம்மன். இதில் நான் ஆர் என்று எனக்குள் ஒரு கறுவல் கிடந்துகொண்டே இருந்தது.

நான்கு மாதத்தில் ஒரே ஒரு கடிதம் வந்தது. யாரோ எழுதிக்கொடுத்த கடிதம். ஒப்பரேஷன் முடிந்தது, கட்டு இன்னும் அவிழ்க்கவில்லை என்று மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

சட்டைப் படத்தின் பின்பக்கம்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து ரீச்சர் ஒருவருக்குச் சுவிஸில் தம்பி இருந்தார். அவர் அனுப்பிய புத்தகமொன்றிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொண்டுவந்த ரீச்சர், இந்தக் கழுத்து வெட்டில் எனக்கு ஒரு சட்டை தைத்துத் தா என்றார். கழுத்து நல்ல கழுத்துத்தான். நானும் அதை வடிவாகப் பார்த்துக் கீறி எடுத்தேன்.

தாளைத் திருப்பினேன். அங்கேதான் பிடித்தது சனி.

நான்கு படங்கள். முதல் படத்தில் ஒரு பெண் நீள முடியோடு உம்மென்று நிற்கிறாள். இரண்டாவதில் முடி முழுவதையும் நெற்றிக்கு மேலே கட்டியிருக்கிறாள். மூன்றாவதில் நுனியைப் பிடித்துத் தானே வெட்டுகிறாள். பக்கத்தில் ஒரு அம்புக்குறி, அதன்மேல் 15 என்ற இலக்கம். நான்காவது படத்தில் அவளேதான், ஆனால் வேறு ஆள். முடி முன்னுக்குக் கட்டையாகவும் பின்னுக்குப் போகப்போக நீளமாகவும் படி படியாக இறங்குகிறது. அவள் வாய் நிறையச் சிரிக்கிறாள்.

எழுத்து ஒன்றும் விளங்கவில்லை. அதற்கு எழுத்து எதற்கு? படம் இருக்கிறது, இலக்கம் இருக்கிறது. தையற்காரிக்கு இலக்கம் என்றால் அங்குலம்தானே. நெஞ்சு முப்பத்தினான்கு, கை பத்து, முடி பதினைந்து. சென்ரிமீற்றர் என்று ஒன்று உலகத்தில் இருப்பது அந்த நேரம் என் மூளைக்கு எட்டவே இல்லை.

மூன்று நாள் அந்தத் தாளை மெஷினுக்கு அடியில் ஒளித்து வைத்து, ஆள் இல்லாத நேரமெல்லாம் எடுத்துப் பார்த்தேன். அப்பாவைப் பற்றி ஒரு சேதியும் இல்லாமல் வீடு செத்தவீடு போலக் கிடந்தது. அந்தப் பெண்ணின் சிரிப்பு எனக்கு வேண்டியிருந்தது. நாலாம் நாள் சங்கக்கடைக்குச் சீனி வந்தது.

சாண் என்ன, முழம் என்ன

கத்தரிக்கோல் ஒரே வெட்டில் வெட்டவில்லை. இது துணியா என்ன? கறுக் கறுக்கென்று மென்று மென்று போனது. பாதியில் பயம் வந்து நிறுத்தினேன். நிறுத்தி என்ன செய்வது? தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. கண்ணை மூடிக்கொண்டு மிச்சத்தையும் வெட்டினேன்.

கையில் ஒரு நரிவால் கிடந்தது. இவ்வளவு முடியா? பின்னுக்கு இனி என்னதான் மிச்சம் இருக்கும்? நாடாவை அவிழ்த்து முடியைப் பின்னுக்கு எறிந்தேன்.

ஐயோ, அதை எப்படிச் சொல்ல! பின்முடி அப்படியே பழைய நீளத்தில் தொடையைத் தட்டியது. பக்கத்து முடி இடுப்பளவில் நின்றது. முன்முடி நெஞ்சில் வந்து விழுந்தது. தலை பஞ்சாகப் பாரம் குறைந்துபோயிருந்தது. இடது பக்கம் திரும்பினேன், முடி கொஞ்சம் பிந்தித் திரும்பியது. வலது பக்கம் திரும்பினேன், அதுவும் வந்தது. நான் அதுவரை என்னை வடிவு என்று நினைத்ததே இல்லை. அன்றைக்கு நினைத்தேன். வாய்விட்டுச் சிரித்தேன், கண்ணாடிக்குள் அந்தத் தாள்பெண் சிரித்த அதே சிரிப்பு.

அரை மணித்தியாலம் அப்படியே வீட்டுக்குள் நடந்து திரிந்தேன். பிறகு நரிவாலை நூலால் கட்டிக் கடதாசியில் சுற்றி, மெஷின் லாச்சிக்குள் போட்டுவிட்டு, தலையை இழுத்துக் கொண்டை போட்டுக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அம்மா இரண்டு இறாத்தல் சீனியோடு வந்தார். ஒன்றும் கவனிக்கவில்லை.

முள்ளுச் சடை

என் மூளையைச் சொல்லவேண்டும். அந்தச் சுவிஸ்காரி முடியை விரித்துவிட்டுக்கொண்டு திரிகிறவள். எங்கள் ஊரில் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு படலைக்கு வெளியே ஒரு பெண் கால் வைப்பாளா? செத்தவீட்டில்கூட அள்ளி முடி என்று அதட்டுவார்கள். எங்களுக்கு முடி என்றால் சடை, சடை இல்லையென்றால் கொண்டை. சடைக்குள் போய் மறையப்போகிற முடிக்கு நான் படி வெட்டியிருக்கிறேன். வெட்டும்வரைக்கும் இது எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த நாள் காலை அம்மா வழக்கம்போலக் கதிரையில் இருந்து என்னைக் கூப்பிட்டார். போய் இருந்தேன். எண்ணெய் தப்பினார். மூன்று பிரியாகப் பிரித்துப் பின்னத் தொடங்கினார். நாலாவது பின்னலில் ஒரு கொத்து வெளியே நீட்டியது. உள்ளே செருகினார். அடுத்த பின்னலில் இரண்டு கொத்து. இடுப்புக்கு வரும்போது சடை முழுவதும் முள்ளு முள்ளாகக் குத்திட்டு நின்றது.

அம்மாவின் கை நின்றது. நான் அடியை எதிர்பார்த்துத் தோளைக் குறுக்கினேன். அடி விழவில்லை. அவர் கேட்டது ஒரே கேள்வி.

"வெட்டினதை எங்கை வைச்சிருக்கிறாய்?"

எடுத்துக் கொடுத்தேன். அதை விரித்துப் பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைத் துணியில் மஞ்சள் தடவி, அந்த முடியைப் பொட்டலமாக முடிந்து, சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தார். அடித்திருந்தால் எவ்வளவு நல்லாக இருந்திருக்கும்.

அன்றைக்கென்று பார்த்துத்தான் வவுனியாப் பாதையைப் பூட்டிவிட்டார்கள் என்று சேதி வந்தது. எத்தனை நாளைக்கு என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பாதை மாதத்துக்கு ஒருதரம் பூட்டுப்படுகிற பாதை, எனக்குத் தெரியாதா? ஆனாலும் என் கத்தரிக்கோல்தான் அதைப் பூட்டியது என்று நான் முழுதாக நம்பினேன். கண்கட்டை அவிழ்த்தும் ஒன்றும் தெரியாமல் அப்பா எங்கேயோ ஒரு சுவரைப் பார்த்துக் கையசைக்கிற மாதிரிக் கனவு வந்தது. அம்மனிடம் போய் நின்று கும்பிடவும் முகம் இல்லை.

வெள்ளிக்கிழமை வெயில்

பாக்கியம் என் கூட்டாளி. அவளுடைய தாய் தகப்பன் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து எங்களுக்குப் பக்கத்தில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். அவள் பிறந்தது இங்கேதான், ஆனால் கதை மட்டும் அந்தப் பக்கத்துக் கதை. எனக்குச் சட்டைகளுக்குப் பொத்தான் கட்ட வருவாள். என் சடையைக் கண்டதும் இதென்ன, முள்ளம்பன்றி வளர்க்கிறியா என்று கேட்டாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை முழுக்கு நாள். அரப்புத் தேய்த்து முழுகினால் காயும்வரைக்கும் முடியை விரித்துப் போடலாம். ஊர் தருகிற அனுமதி அவ்வளவுதான், அதுவும் கிணற்றடிக்குள்ளே, நுனியில் ஒரு முடிச்சோடு. அந்த வெள்ளி நான் முழுகிவிட்டுக் கிணற்றுக்கட்டில் வெயிலுக்கு இருந்தேன். ஈரம் காயக் காய முடி படி படியாகப் பிரிந்து எழும்பியது.

பாக்கியம் பொத்தான் டப்பாவைக் கீழே வைத்துவிட்டாள். என்னைச் சுற்றி ஒரு வட்டம் நடந்தாள்.

"அடியே சுமதி, எங்க அப்பா சொல்ற தேயிலை மலை இப்படித்தான் இருக்கும் போல. படி படியா இறங்குது. எவ்ளோ அழகா இருக்குடி!"

அவ்வளவு நாள் கழித்து எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முடியை ஊதினாள், அது பறந்தது. நான் தலையை ஆட்டினேன், இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள்போலக் கிணற்றைச் சுற்றி ஓடினோம். குசினி வாசலில் அம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டேன். ஏசவில்லை. உள்ளே போனார்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கு வெள்ளி அந்த ஒரு மணித்தியாலம் எங்களுடையது. மிச்ச ஆறு நாளும் முள்ளுச் சடை. அம்மா தினமும் வெளியே நீட்டும் கொத்துகளைத் தண்ணீர் தொட்டு உள்ளே செருகுவார், என் பயமும் அவருடைய பயமும் அந்தச் சடைக்குள்ளேதான் கிடந்தன. சட்டையை வாங்க வந்த ரீச்சர் என் தலையைப் பார்த்துவிட்டுத் தாளையும் பார்த்தார். அந்தப் பதினைந்து சென்ரிமீற்றராக இருக்கும், ஆறு அங்குலம்தான் வரும் என்றார்.

படலையடியில்

ஐந்தாவது வெள்ளி என்று நினைக்கிறேன். பாதை திறந்து சில நாள் ஆகியிருந்தது. நான் முழுகிவிட்டு முடியை விரித்து நின்றேன், பாக்கியம் கூட இருந்தாள். நாய் குரைத்தது. படலையைத் திறந்துகொண்டு ஒரு மனுஷன் நின்றார். கறுப்புக் கண்ணாடி, கையில் ஒரு பை, உடம்பெல்லாம் செம்மண் புழுதி. வவுனியாவிலிருந்து பாதி வழி நடை, பிறகு ஆருடையதோ சைக்கிள் கரியர், கடைசியில் ஒரு ட்ரக்டர் பெட்டி.

அப்பா!

முடியைக் கட்ட நேரம் இல்லை. விரிந்த தலையோடேயே ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தேன். அம்மா அகப்பையோடு குசினியிலிருந்து ஓடிவந்தார். அப்பா என் தலையைத் தடவினார். கூட்டிவந்து கதிரையில் இருத்தினோம். தேத்தண்ணி கொடுத்தோம். வாங்கிக் குடித்தார். ஒரு கதை இல்லை. ஓயாமல் கதைக்கிற மனுஷன் வாயை மூடிக்கொண்டு இருந்தால் எப்படி இருக்கும்? அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. கேட்கவும் பயம்.

அம்மாதான் கடைசியில் கேட்டார்.

"இஞ்சருங்கோ, பிள்ளையைப் பாத்தியளோ?"

"ஓம், பாத்தனான்."

"வடிவாப் பாத்தியளோ? ஒரு வித்தியாசமும் தெரியேல்லையோ?"

அப்பா என் பக்கம் முகத்தைத் திருப்பிக் கொஞ்சம் யோசித்தார்.

"இல்லையே. பிள்ளை பிள்ளையாத்தான் இருக்கிறாள்."

அம்மாவின் கையிலிருந்த அகப்பை விழுந்தது. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். கண் சரிவரவில்லை, எல்லாம் வீண், நேர்ந்த முடியில் கை வைத்தாயிற்று, அம்மன் கண்ணைத் தரவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் உலகம் இருண்டது. முன்முடியை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தேன். அந்த நிமிஷம் அதை வேரோடு பிடுங்கி எறிந்தால் அவருக்குக் கண் வரும் என்றால் பிடுங்கியிருப்பேன்.

அப்பா திடுக்கிட்டுப்போனார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கண்கள் சிவந்து, ஈரமாக, நேரே என்னைப் பார்த்தன. பலாமரத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தன.

"இஞ்சரும், அழாதையும். முன்னுக்கு நெஞ்சு மட்டும் கிடக்கு. பக்கத்தால இடுப்பு மட்டும். பின்னுக்கு மட்டும்தான் பழைய நீளம். வலப்பக்கம் இடப்பக்கத்தை விட ரெண்டு விரல் கட்டை."

சொல்லிக்கொண்டே விரலால் ஒவ்வொரு படியையும் காட்டினார்.

"படலையடியிலயே கண்டிட்டன். வந்த உடன பிள்ளைக்குப் பேச்சு வாங்கிக் குடுப்பான் ஏனெண்டு பேசாமல் இருந்தனான்."

பாக்கியம்தான் முதலில் அசைந்தாள். என் இரண்டு பக்கத்து முடியையும் முன்னுக்கு இழுத்து நுனிக்கு நுனி சேர்த்துப் பிடித்தாள். வலப்பக்கம் சரியாக இரண்டு விரல் கட்டை. ஐந்து கிழமை அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்றிருக்கிறேன், தையற்காரி வேறு, எனக்கே அது தெரியாது.

அம்மா அழுகையை நிறுத்தாமலே சிரிக்கத் தொடங்கினார். அப்படி ஒரு சிரிப்பை அவரிடம் நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு அப்பா வாயைத் திறந்தார், பொழுது படும்வரைக்கும் மூடவில்லை. வேலியில் பட்டுப்போன கதியால் தடியிலிருந்து பாக்கியத்தின் மூக்குத்திவரை ஒன்று விடாமல் பார்த்துப் பார்த்துச் சொன்னார். நாங்களும் அதோ அது தெரியுதோ, இது தெரியுதோ என்று கேட்டுக்கொண்டே இருந்தோம்.

அடுத்த வெள்ளி கோயில். புறப்படுமுன் அம்மா சாமிப் படத்தடியில் இருந்த பொட்டலத்தை அவிழ்த்தார். முடியை நிலத்தில் நீட்டி, தன் கையால் ஒரு சாண் அளந்தார். என் கத்தரிக்கோலை வாங்கித் தானே வெட்டினார். ஒரு சாணைத் தட்டில் வெற்றிலைமேல் வைத்தார். கத்தரிக்கோல் படாது என்று சொன்னதை மீறியதற்குத் தண்டமாக நூறு தோப்புக்கரணம் எனக்கு. மிச்ச முடியை என்ன செய்வது என்று கேட்டேன். நேர்ந்தது ஒரு சாண், மிச்சம் நேராதது, உனக்கு என்ன கதை என்று உள்ளே கொண்டுபோனார்.

கோயிலில் அம்மாவைக் கண்டவர்கள் எல்லாரும் அவர் வந்துவிட்டாரா என்று சந்தோஷமாகக் கேட்டார்கள். அம்மாவும் தலை நிமிர்ந்து, அம்மனுக்கு முதலே முடி குடுத்தபடியால்தான் பாதை திறந்தது என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு நடந்தார். ஒரு அக்கா மட்டும் அவரைப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, மனுஷன் வந்த உடனே உமக்குக் கொண்டைகூடப் பருத்திட்டுது என்றார். அம்மா காதில் விழாத மாதிரி மணியை அடித்தார்.

நானும் அப்பாவும் பின்னால் வந்துகொண்டிருந்தோம். அம்மாவின் கொண்டை ஒரு தேங்காய் அளவில் பளபளத்துக்கொண்டு முன்னால் போனது. அப்பா என் காதுக்குக் குனிந்தார்.

"அதுவும் எனக்குத் தெரியுது, பிள்ளை. நான் ஒண்டும் சொல்லமாட்டன்."